ரெண்டு கையும் தெரியுற போன்

இந்த ஸ்டூல்ல உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் ஆடுது, இப்பத்தான் ஒருத்தர் விழப் பார்த்தாரு. உங்க போனுக்குக் கண்ணாடி மாத்த எப்படியும் நேரமாகும். எனக்கும் நேரமாகும். என் சிம்மைக் கழட்டி அந்தப் பெரிய போன்ல போட்டிருக்கு, கடையில வேலை பார்க்குற அந்தப் புள்ள. என்னென்னமோ ஏறணுமாம். ஏறட்டும். போட்டுப் பேசிப் பாருங்க, பிடிச்சா எடுத்துக்கங்க, இல்லைன்னா விட்டுருங்கன்னு சொல்லியிருக்கு. நல்ல புள்ள.

நீங்க படிச்ச ஆளாத் தெரியுறீங்க, அதனால கேக்குறேன். எடுக்கலாமா, வேணாமா?

புதுசு இல்ல அது. பழைய மாடல். அது வந்து மூணு நாலு வருஷம் ஆச்சாம், அதுக்கப்புறம் ரெண்டு ஈத்து வந்திருச்சாம். புது மாடல்னுதான் அந்தப் புள்ள சொல்லுச்சு, ஈத்துன்னு நான் சொல்றேன். நமக்கு மாட்டுப் பேச்சுத்தான் வரும். ஆனா ஸ்கிரீன் பெருசு தம்பி. இந்தா, என் கையை விரிச்சு வச்சா கட்டை விரல்ல இருந்து சுண்டு விரல் வரைக்கும் நிக்குது. அதுக்காகத்தான் வந்து வந்து பார்த்துட்டுப் போறேன். ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தமாம். மாசாமாசம் கட்டணும். நடுவுல வேணாம்னு திருப்பிக் குடுக்க முடியாது. ஒரு மாசம் விட்டுட்டா போன் தானாப் பூட்டிக்குமாம். அட, நாங்களும்தான் தவணைக்கு மாடு பிடிச்சுக் குடுக்குறோம். காசு வரலைன்னு மாடு பாலை அடக்கிக்குமா?

சிரிக்கிறீங்க. சிரிங்க சிரிங்க. நான் பெரியண்ணன். மணப்பாறைச் சந்தையில வந்து தரகர் பெரியண்ணன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. முப்பது வருஷத்துக்கு மேல இந்தத் தொழில். பல்லைப் பிடிச்சுப் பார்த்தா வயசு சொல்லிருவேன். நடக்க விட்டுப் பார்த்தா கால்ல என்ன கோளாறுன்னு சொல்லிருவேன். இந்தச் சனியனுக்குத்தான் பல்லும் இல்ல, காலும் இல்ல. எதை வச்சுப் பார்க்குறது சொல்லுங்க.

போன வாரம் ஒரு கூத்து நடந்துச்சு கேளுங்க. இங்க கல்லாவுல உக்கார்றாரே, முதலாளி, சின்ன வயசுதான். விலையைக் கொஞ்சம் பாருங்கன்னேன். பேசிக்கலாம்னாரு. பேசிக்கலாம்னு சொன்னா நமக்கு என்ன அர்த்தம்? தோள்ல கிடந்த துண்டை எடுத்து அவரு கை மேல போட்டு, உள்ளே கையை விட்டு விரலைப் பிடிச்சேன். ஆளு துள்ளி எந்திரிச்சுட்டாரு! என்னமோ நான் மோதிரத்தை உருவப் போறேன்னு நெனைச்சுட்டாரு போல. கடை முழுக்க ஒரே சிரிப்பு. எனக்கு வெக்கமாப் போச்சு.

உங்களுக்கும் தெரியாதா? எந்த ஊரு நீங்க? சரி, சொல்றேன். மாட்டுச் சந்தையில விலையை வாயால பேச மாட்டோம் தம்பி. சுத்தி நாலு பேர் நிப்பான், காது குடுப்பான். அதனால வாங்குறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்குள்ள போயிரும். எந்த விரலைப் பிடிச்சா என்ன, எத்தனை விரலைச் சேர்த்துப் பிடிச்சா என்னன்னு ஒரு கணக்கு இருக்கு. உள்ளங்கையைச் சுரண்டுனா கட்டுப்படியாகாதுன்னு அர்த்தம். விரலை விட்டுட்டா பேச்சு முறிஞ்சது. முழுக் கையையும் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்குனா முடிஞ்சது, மாடு உனக்குத்தான். வெளியில ரெண்டு பேரும் வெத்தலை போட்டுக்கிட்டு மழையைப் பத்திப் பேசிக்கிட்டு இருப்போம். உள்ளே கை பேசிக்கிட்டு இருக்கும். கன்னடத்துக்காரன் வருவான், மலையாளத்துக்காரன் வருவான், ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. கையைக் குடுத்தான்னா போதும். என் கை பேசாத பேச்சா?

இருங்க, ஏறிருச்சான்னு கேப்போம். ஏம்மா? இன்னும் இல்லையா? சரி சரி, மெதுவாப் பண்ணு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள்ள ஆனாப் போதும்மா. அப்பத்தான் அவ வெளியில வருவா.

என் பொண்ணு தம்பி. ஓசூர்ல இருக்கா. கம்பெனியில பேக்கிங் வேலை, அங்கயே ஹாஸ்டல். இந்துமதின்னு பேரு. நான் பாப்பான்னுதான் கூப்பிடுவேன். கூப்பிடுறது என்ன கூப்பிடுறது, அவளுக்குக் காது கேக்காது. பொறவியிலயே. பேச்சும் வராது. எல்லாம் கைதான். கையாலயே பேசுவா, முகத்தாலயே பேசுவா. அவ்வளவு வேகமாப் பேசுவா. அவளும் அவ அம்மாவும் உக்காந்து பேசுனா வீடே ஆடும். சத்தம் இருக்காது, ஆனா வீடு ஆடும்.

இப்பப் புரியுதா பெரிய போன் எதுக்குன்னு? இந்தா, இந்தச் சின்னப் போன்ல பாருங்க. உள்ளங்கை அகலம் இருக்குமா? இதுல அவ மூஞ்சி வந்தா கை வராது. தள்ளி உக்காருன்னு நான் கையை ஆட்டுனா தள்ளி உக்காருவா, கை வரும், ஆனா பொடிசாத் தெரியும். கொசு பறக்குற மாதிரி தெரியும். என்ன சொல்றான்னு ஒரு எழவும் விளங்காது. நானும் இங்கிருந்து கத்திக் கத்திப் பேசுவேன். தெருவே கேக்கும். அவ மட்டும் பாத்துக்கிட்டே இருப்பா.

எழுதி அனுப்பலாமேன்னு கேப்பீங்க. எனக்குப் பஸ்ஸுல போட்டிருக்கிற ஊர்ப் பேரு படிக்க வரும். அதுக்கு மேல வராது. ஒரு தடவை எழுதி அனுப்புனா. பக்கத்து வீட்டு மல்லிகாகிட்ட குடுத்தேன். மல்லிகா சத்தமாப் படிக்குது, அவ மாமியா வந்து நின்னு கேக்குது. அப்பனும் மகளும் பேசிக்கிறதை ஊரு கூடி நின்னா கேக்குறது? எழுதாத, எனக்கு வராது, மூஞ்சியைக் காட்டுனாப் போதும்னு மல்லிகாவை விட்டே எழுதச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எழுதுறதை விட்டுட்டா. சொன்னாக் கேக்குற புள்ள.

இந்தப் போன் எனக்கு வாங்குனது இல்ல தம்பி. அவ அம்மாவுக்கு வாங்குனது. பாப்பா மொதச் சம்பளத்துல வாங்கி அனுப்புனா. சிம்மும் அவ அம்மா பேருல இருக்கிறதுதான். அங்க பாப்பா போன்ல நான் கூப்பிட்டா இன்னும் அம்மான்னுதான் வரும். மாத்திக்கிட்டாளான்னு தெரியல. மாத்தியிருக்க மாட்டா.

செத்துப் போயிட்டா தம்பி. சவுந்தரம். இந்த ஆவணி வந்தா... வேணாம் விடுங்க. கணக்குப் பார்த்து என்ன ஆகப்போகுது. காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தா, தலை வலிக்குதுன்னா, சுக்குத் தட்டிப் போட்டுக்கிட்டுப் படுத்தா. மத்தியானம் ஆள் இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சுருச்சு.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க, இதை எங்கயும் சொன்னதில்ல. வீட்டுக்குக் கொண்டு வந்து படுக்கப் போட்டாச்சு. பாப்பாவுக்குத் தகவல் சொல்லணும். எப்படிச் சொல்றது? மல்லிகா எழுதி அனுப்புறேன்னுச்சு. எழுதுனா அங்க தனியா உக்காந்து படிக்குமே புள்ளன்னு நான்தான் வேணாம்னுட்டேன். நானே கூப்பிட்டேன். பாப்பா வந்தா. சிரிச்சுக்கிட்டே வந்தா, அம்மா கூப்பிடுறான்னு நெனைச்சு. என் மூஞ்சியைப் பார்த்தா. கையால என்னமோ கேட்டா. செத்துட்டான்னு சொல்ல என்ன பண்ணணும்? எந்தக் கையைத் தூக்கணும்? எனக்குத் தெரியல தம்பி. நின்னேன், நின்னேன், அப்புறம் போனைத் திருப்பி அவ அம்மா பக்கம் காட்டிட்டேன்.

வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

அவ போட்ட சத்தம் இருக்கே. பேச்சு வராத புள்ள தம்பி. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்ல.

இல்ல, தண்ணி வேணாம். கண்ணு எப்பவும் இப்படித்தான் ஊத்தும். பொரை விழுந்திருக்குன்னு சொன்னாங்க.

ஆனா ஒரு ஆச்சரியம் பாருங்க. சவுந்தரம் இதே போன்லதான் பேசுவா. இதே சின்ன ஸ்கிரீன். தினமும் பேசுவா. பாப்பா அங்க கையை ஆட்டுவா, இவ போனை உரல்ல சாத்தி வச்சுட்டு இங்கிருந்து கையை ஆட்டுவா, ரெண்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். என்னடி சிரிப்புன்னு கேட்டா, உங்களைத்தான் சொல்றான்னு சொல்லுவா. இந்தப் பொடி ஸ்கிரீன்ல அவளுக்கு எல்லாம் விளங்குச்சு. அவளுக்குக் கண்ணு அவ்வளவு நல்லா இருந்துச்சு. ஊசியில நூல் கோக்க என்கிட்ட வந்ததே இல்ல.

எங்க கத்துக்கிட்டான்னா, திருச்சியில பாப்பா படிச்ச பள்ளிக்கூடத்துல. அங்க பெத்தவங்களுக்கும் சைகை சொல்லித் தருவாங்க. சவுந்தரம் விடாமப் போவா, பஸ்ஸுல தொத்திக்கிட்டுப் போவா. டீச்சர் ஒரு தடவை என்னைப் பார்த்து, ஐயா நீங்களும் வாங்கன்னாங்க. சந்தை நாள்ம்மான்னுட்டேன். சந்தை இல்லாத நாள்ல வைக்கிறோம்னாங்க. அப்பவும் நமக்குத் தோது வரல. அது மட்டும் இல்ல தம்பி, ஒரு ஆம்பளை பொம்பளைங்களோட வரிசையில நின்னுக்கிட்டு கையைக் கையை ஆட்டுனா நல்லாவா இருக்கும்? சவுந்தரம்தான் இருக்காளே. பாப்பா சொல்றதை அவ எனக்குச் சொல்லுவா, நான் சொல்றதைப் பாப்பாவுக்குச் சொல்லுவா. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஒரு நாளும் குறை வச்சதில்ல. நான் இல்லாம போயிட்டா என்ன பண்ணுவீங்கன்னு ஒரு தடவை கேட்டா. நீ எங்கடி போகப் போறேன்னு சிரிச்சேன்.

போயிட்டா.

பாப்பா சின்னப் புள்ளையா இருக்கயில எங்களுக்குள்ள ஒரு விளையாட்டு உண்டு. அதைச் சொல்லியே ஆகணும். சந்தை முடிஞ்சு நான் வீட்டுக்கு வருவேன். வாசல்லயே நிப்பா. என் தோள்ல இருந்து துண்டை உருவுவா. அவ கை மேலயும் என் கை மேலயும் போட்டு மூடுவா. உள்ளே என் விரலைப் பிடிச்சு ஆட்டுவா. இன்னிக்கு எவ்வளவுன்னு கேக்குறா! நான் அவ விரலைப் பிடிச்சுச் சொல்லுவேன். குறைச்சலாச் சொன்னா உள்ளங்கையைச் சுரண்டுவா, கட்டுப்படியாகாதாம். மொளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள தரகு! நான் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னா முழுக் கையையும் சேர்த்து ஒரு அமுக்கு. முடிஞ்சது பேரம். அன்னிக்கு அவளுக்குத் தேன்மிட்டாய். யாரு கத்துக்குடுத்தா தெரியுமா? நான்தான், மடியில வச்சுக்கிட்டு. சவுந்தரம் அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டே நிப்பா. துண்டுக்குள்ள என்ன பேசுறோம்னு அவளுக்கு மட்டும் தெரியாது. எனக்கு என்னங்க தெரியும் உங்க பேச்சுன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா.

அப்புறம் புள்ள வயசுக்கு வந்துருச்சு. ஒரு நாள் வழக்கம்போல துண்டை உருவுனா. வாசல்ல ஆளுக நடமாட்டம். வயசுக்கு வந்த புள்ளைக்கு என்ன விளையாட்டுன்னு துண்டை வாங்கி உதறித் தோள்ல போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் அவ கேக்கல. சொன்னாக் கேக்குற புள்ளன்னுதான் சொன்னேனே.

ஆனா இப்ப கொஞ்ச நாளா என் மேல கோவமா இருக்கா தம்பி. ஏன்னு தெரியல. நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணேன்.

அம்மா காரியத்துக்கு வந்தவ பதினாறு முடியற வரைக்கும் இருந்தா. காரியம் முடிஞ்ச மறுநாள் ஊருக்குப் போகணும். கம்பெனியில லீவு அவ்வளவுதான். நானே அவ பையைக் கொண்டு வந்து வாசப்படிகிட்ட வச்சேன். அவ எடுத்து உள்ளே வச்சா. சரி, இன்னும் எதையோ எடுத்து வைக்கப் போறான்னு இருந்தேன். பார்த்தா, துணியெல்லாம் வெளியில எடுத்து, கொடியில அவ அம்மா சேலைக்குப் பக்கத்துல போட்டு வச்சிருக்கா. மடிச்சு வைக்க மறந்துட்டான்னு நானே மடிச்சுப் பையில வச்சு, பையைத் திரும்ப வாசப்படிக்குக் கொண்டு வந்தேன். அப்புறம் அடுப்படியில போய் உலை வச்சா. என்னைக் காட்டுனா, தட்டைக் காட்டுனா, அவளைக் காட்டுனா, தரையைக் காட்டுனா. சாப்பிட்டுட்டுப் போறேங்குறா போலன்னு சாப்பிட்டேன். ரசம் அவ அம்மா வைக்கிற ரசம் மாதிரியே இருந்துச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டே சாப்பிட்டு எந்திரிச்சேன். எந்திரிச்சா, பை மறுபடியும் உள்ளே இருக்கு!

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பையைத் தூக்குனேன். முன்னாடி வந்து நின்னா. தரையைக் காட்டுனா, நெஞ்சைத் தொட்டா, என் நெஞ்சைத் தொட்டா, கையை விரிச்சு என் மூஞ்சியையே பார்த்தா. கண்ணு ரெண்டும் தளும்புது. எனக்கு என்ன தெரியும்? போயிட்டு வரேன்னு சொல்றா, அம்மா இல்லாத வீட்டுல அப்பனை விட்டுட்டுப் போறோமேன்னு அழுறா. சரி பாப்பா, சரி, சரின்னு நல்லாத் தலையை ஆட்டுனேன். ரோட்டுப் பக்கம் கையைக் காட்டுனேன். அப்படியே நின்னா. அப்புறம் பையை என் கையில இருந்து வாங்கிக்கிட்டா.

நானே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏத்தி விட்டேன். ஜன்னல் ஓரமா எடம் பிடிச்சுக் குடுத்தேன், பிஸ்கட்டு வாங்கிக் குடுத்தேன். பஸ் கிளம்புற வரைக்கும் நின்னேன். அவ திரும்பிக்கூடப் பார்க்கல தம்பி. சின்ன வயசுல இருந்து பஸ்ஸுல போனா கழுத்து வலிக்க வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கிட்டே போற புள்ள. அம்மா போன துக்கம்னு நெனைச்சுக்கிட்டேன். அந்த வேலைக்காக அவ அம்மா எங்கெங்க அலைஞ்சா தெரியுமா? அதைக் கெடுத்துக்கக் கூடாதுல்ல? வீட்டுக்கு வந்து பார்த்தா பானையில மிச்சச் சோறு ரெண்டு பேருக்கு இருந்துச்சு. அழுதேன். எனக்கு மட்டும் அவளை அனுப்பணும்னு ஆசையா?

மொதல்ல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா. வருவா, கையால என்னமோ சொல்லுவா, திருப்பித் திருப்பி ஒண்ணையே சொல்லுவா. நான் ஆமா, சரின்னு தலையை ஆட்டுவேன். ஆட்ட ஆட்ட அவ மூஞ்சி சுருங்கும். அப்புறம் சாப்பிட்டியான்னு வாயில கையை வச்சுக் காட்டுவா, அது எனக்கு விளங்கும், சாப்பிட்டேம்பேன். அவ்வளவுதான் பேச்சு. வர வர அதுவும் குறைஞ்சுருச்சு. கடைசியாக் கூப்பிட்டப்ப கையையே தூக்கல. ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா. பேசு பாப்பா, பேசு பாப்பான்னு கத்துறேன். பார்க்குறா. நானும் பார்க்குறேன். அப்புறம் வச்சுட்டா. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிடல. அதுக்கடுத்ததும் கூப்பிடல.

எனக்கு இருக்குறது இந்த ஒரு உசுருதான் தம்பி. அதுவும் கையை மடியில வச்சுக்கிச்சுன்னா நான் எங்க போவேன்? வீட்டுல நான் ஒருத்தன்தான் பேசிக்கிட்டு இருக்கேன். மாட்டுகிட்டப் பேசுறேன். அதுவாச்சும் காதை ஆட்டுது.

ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். எங்க கோளாறுன்னு. மாடு நடக்கலைன்னா லாடத்தைப் பார்க்கணும், குளம்பைப் பார்க்கணும், அதானே? பார்த்தா, ஸ்கிரீன்தான் தம்பி. இது சின்னதா இருக்குறதுதான் அத்தனைக்கும் காரணம். கை ரெண்டும் முழுசாத் தெரிஞ்சுருச்சுன்னா அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. அன்னிக்குத்தான் இந்தக் கடைக்கு மொத மொத வந்தேன்.

வேணாங்குறவங்களும் இருக்காங்க. மல்லிகா புருஷன் சொல்றான், பழைய மாடலைப் போய் ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல எடுக்குறியே அண்ணே, ஒப்பந்தம் முடியறதுக்குள்ள போன் முடிஞ்சுரும்னு. அந்தப் புள்ளையே சொல்லுச்சு, இதுக்குப் புதுசு புதுசா வர்றதெல்லாம் இனிமே வராதுங்கய்யான்னு. பொய் சொல்லாத புள்ள. எனக்கும் பயம்தான். ரெண்டு வருஷம் போன் இருக்குமோ இல்லையோ, நான் இருக்கணுமே! கேரளாவுக்குப் போற லாரியெல்லாம் குறைஞ்சு போச்சு, வாரா வாரம் தரகு கிடைக்கும்னு என்ன நிச்சயம்? கட்டாம விட்டா பூட்டிக்கும். அவ பேசிக்கிட்டு இருக்கும்போதே பூட்டிக்கிச்சுன்னா? பழைய போனைக் குடுத்தா கொஞ்சம் குறைச்சுக்குறோம்னாங்க. அதை மட்டும் குடுக்க மாட்டேன்னுட்டேன். அதுல சவுந்தரம் விரல் பட்டுப் பட்டு ஒரு ஓரம் தேஞ்சு கிடக்கு.

அதான் கேக்குறேன், எடுக்கலாமா வேணாமா? சொல்லுங்க. நீங்க பார்த்து எடுங்கன்னு சொன்னா எடுத்துருவேன்.

ஏறிருச்சாம்மா? கொண்டா, கொண்டா. அடேயப்பா, என்ன வெளிச்சம்! தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, நீங்களும் பாருங்க. மணி ஆச்சுல்ல? சாப்பாட்டுக்கு வெளியில வந்திருப்பா. நீயே போட்டுக் குடும்மா. பாப்பான்னு இருக்கும் பாரு, கீழ கேமரா படம் இருக்கும்.

அடிக்குது.

எடுக்க மாட்டாளோ. வேலை நேரம்... எடுத்துட்டா! எடுத்துட்டா தம்பி! பாப்பா! நான்தான்! பெரிய போனு! எப்படித் தெரியுது பாருங்க, எதுத்தாப்புல உக்காந்திருக்க மாதிரி. எளைச்சுட்டா. கன்னத்துல பாருங்க எலும்பு. தலை முழுசாத் தெரியுது, கழுத்து தெரியுது, முழங்கை வரைக்கும் தெரியுது. பாப்பா, ரெண்டு கையும் தெரியுது! ரெண்டு கையும்! இந்தா, அப்பன் கையைப் பாரு, ரெண்டு! பேசு ஆத்தா. இப்பப் பேசு!

தூக்குறா. கையைத் தூக்குறா தம்பி! பேசுறா. நெத்தியைத் தொடுறா. நெஞ்சைத் தொடுறா. கீழ காட்டுறா. ரெண்டு கையையும் சேக்குறா, பிரிக்கிறா. ஒரு விரல் விடாமத் தெரியுது. நகத்துல மருதாணி இருக்குறது வரைக்கும் தெரியுது. அடேயப்பா. நல்ல போன் தம்பி, நல்ல போன்.

மறுபடியும் அதையே சொல்றா. நெஞ்சு, தரை, சேக்குறா, பிரிக்கிறா.

என்ன சொல்றா தம்பி? உங்களுக்கு ஏதாச்சும் விளங்குதா? படிச்சவங்கதானே. ஏம்மா, உனக்கு? இல்லையா? எல்லாம்தான் தெரியுதே. இத்தனை பெருசாத் தெரியுதே. வெளிச்சம் பத்தலையோ? வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டும்மா. இன்னும் கூட்டு. முழுசாக் கூட்டியாச்சா? சரி பாப்பா, சரி, ஆமா, சரி...

நிறுத்திட்டா. தலையை ஆட்டாதன்னு சொல்றா. அது விளங்குது எனக்கு.

கையைக் கீழ போட்டுட்டா. ஐயோ, மடியில வச்சுக்காத பாப்பா. வேணாம் ஆத்தா. இவ்வளவு பெரிய போன் வாங்கியிருக்கேன்ல. வச்சுக்காத.

என்ன பண்றா? துப்பட்டாவை எடுக்குறா. கழுத்துல கிடந்ததை உருவி... கையில போடுறா. கையை மூடுறா தம்பி. மூடுன கையை என் பக்கமா நீட்டுறா.

இது எனக்குத் தெரியும். தம்பி, இது எனக்குத் தெரியும். இதை நான் கத்துக்குடுத்தது. வாசல்ல நின்னு கேப்பாளே, இன்னிக்கு எவ்வளவுன்னு, சொன்னேனே இப்பத்தான்! என் ஆத்தா, இத்தனை வருஷம் மறக்காம வச்சிருக்கா பாருங்க. என்னைப் பெத்தவளே. இரு, இரு, அப்பன் வந்துட்டேன். துண்டு எங்க? இந்தா. போனை அந்த மேசை மேல வைங்க. மேல துண்டைப் போடுறேன். உள்ளே கையை விடுறேன். இரு ஆத்தா, விரலைக் குடு.

விரல் எங்க?

வழவழன்னு இருக்கு. சில்லுன்னு இருக்கு. எங்க பிடிச்சாலும் வழுக்குதே. குடு பாப்பா, எந்த விரல்னாலும் குடு. நீ என்ன கேட்டாலும் சரி, உள்ளங்கையைச் சுரண்ட மாட்டேன். விலையே பேசல. முடிஞ்சது. இந்தா, முழுக் கையையும் வச்சு அமுக்குறேன். முடிஞ்சது ஆத்தா, எல்லாம் உனக்குத்தான்.

கொஞ்சம் துண்டை எடுங்க தம்பி.

எங்க அவ? ஏம்மா, பாப்பா எங்க? பூப்படம் வருது, மணி வருது, அவ எங்க? கட் ஆயிருச்சா? நான் எங்கம்மா கட் பண்ணேன், நான் கையைத்தானே பிடிச்சேன்! சிவப்புப் பொத்தானா? அது எங்க இருந்துச்சு? ஐயோ. நானே வச்சுட்டேன்னு நெனைச்சுருவாளே. கையை நீட்டிக்கிட்டு இருந்தாளே அங்க. திரும்பப் போடும்மா. சீக்கிரம் போடு.

அடிக்குது. எடுப்பா.

இன்னொரு தடவை போடு.

மணி அடிச்சிருக்கும். மணி அடிச்சா போனை லாக்கர்ல வச்சுட்டு உள்ளே போகணும், கம்பெனியில அப்படித்தான். அதான் எடுக்கல. வேற ஒண்ணும் இல்ல. வேற என்ன இருக்கப் போகுது, இல்லையா தம்பி?

என்னம்மா? எடுக்குறேனா வேணாமான்னு கேக்குறியா? இரும்மா. நல்ல போன்தான். பெருசுதான், குறை சொல்ல முடியாது. ஆனா தொட்டாப் போயிருதே. தொட்டாப் போகாத போன் ஏதாச்சும் உள்ளே வச்சிருக்கீங்களாம்மா? பழசா இருந்தாலும் பரவாயில்ல.